நீரிழிவும் கழலையும்

சென்ற சித்திரைத் திங்களில் எம் அன்பர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், குடும்பத்தோடு சிதம்பரஞ் சென்று, உச்சிப்பொழுதில் கோயிலின் வெளிப்பிராகாரத்தை வலம் வந்தார். உடன் சென்ற பேரப்பிள்ளைகள் கல்லின் சூடு பொறாது நிழலுக்கு நிழல் தாவி ஓடினர். இவரோ நிதானமாக நடந்தார். 'தாத்தாவுக்குச் சுடவே இல்லையே!' என்று குழந்தைகள் வியந்தனராம். அன்றிரவு கடலூருக்கு மீண்டு கால் கழுவும்பொழுதுதான், இரண்டு உள்ளங்கால்களிலும் கொப்புளங்கள் எழுந்திருத்தலை அவர்தம் துணைவியார் கண்டனர். அவருக்கு நோவு சிறிதும் இல்லை. நோவில்லாமையே நோயின் அடையாளம் என்பதை அவ்வீட்டார் ஒருவரும் அன்று அறிந்திலர். மூன்று வாரத்தில் வலக்காலின் சுண்டுவிரல் கறுத்தது. அதனை நீக்கவும் நேர்ந்தது. இரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரை 340 என்று வந்தது. நெடுநாளாகவே நீரிழிவு அவர் தேகத்திற் குடியிருந்து கால் நரம்புகளை அரித்துவிட்டதென வைத்தியர் கூறினர்.

நாற்பது ஆண்டு பிறருக்குப் பாடஞ் சொன்ன அவர், மருத்துவமனைக் கட்டிலிற் படுத்தவாறு, 'இவற்றையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லையே. நீங்களாவது உங்கள் கல்லூரிப் பத்திரிகையில் எழுதுங்கள்' என்றார். இக்கட்டுரை அவர்பொருட்டு எழுந்தது. யாம் வைத்தியர் அல்லேம், உயிர்நூல் பயிற்றுவிப்போம். ஆகலின் ஈண்டுக் கூறுவன நோயை அறிந்துகொள்வதற்கேயன்றி, வைத்தியரை விலக்கி வைப்பதற்கு அல்ல.

நம் தேகத்தில் இருவகைச் சுரப்பிகள் உள. உமிழ்நீர், வியர்வை முதலியவற்றைக் குழாய் வழியே வெளிப்படுத்துவன ஒருவகை. குழாய் ஏதுமின்றித் தம் சாரத்தை நேரே இரத்தத்திற் கலப்பன மற்றொரு வகை. இவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்பர். இச்சாரங்களுக்கு 'ஹார்மோன்' என்னும் பெயரை 1905-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்து உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் வழங்கினார். தூண்டுதல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அது. அளவிற் கடுகினும் சிறியது. ஆட்சியிலோ தேகம் முழுவதும் அதன் கீழ்ப்பட்டது. இவ்வகை நோய்கள் பலவாயினும், நம் பக்கத்து வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவன இரண்டு: கணையத்தின் இன்சுலின் குறைவால் அல்லது பயனின்மையால் வரும் நீரிழிவு, கழுத்தின் முன்புறத்துள்ள தைராய்டு என்னும் கேடயச் சுரப்பியின் கோளாறு. இவ்விரண்டையே யாம் எடுத்துக்கொண்டோம்.

காட்டுமன்னார்கோயில் பக்கத்து மாணவர்க்கு நீரிழிவை விளக்குதல் எளிது. இரத்தம் வாய்க்கால், அதில் ஓடும் சர்க்கரை வீராணத்து நீர், தசைகள் வயல்கள், இன்சுலின் மடையைத் திறக்கும் ஆள். மடை திறவாவிடின் என்னாகும்? வாய்க்கால் கரை புரளும், வயலோ காயும். இரத்தத்திற் சர்க்கரை மிகுந்து சிறுநீரில் வழிவதும், அதனை வெளியேற்ற நீர் அடிக்கடி பிரிவதும், அதனால் நாவறட்சி மிகுவதும், உண்டும் உடல் மெலிவதும் இதனாலேயே. சிறுநீரில் எறும்பு மொய்த்தலை இந்நாட்டுப் பழைய வைத்தியர் கண்டு மதுமேகம் எனப் பெயரிட்டனர். குறியை அவர் கண்டனர். கணையத்தின் தொடர்பு வெளிப்பட்டது 1889-இல்தான். அவ்வாண்டு ஜெர்மனியில் மெரிங், மின்கோவ்ஸ்கி என்னும் இருவர் கணையத்தை நீக்கிய நாய்க்கு நீரிழிவு உண்டாதலைக் கண்டறிந்தனர்.

மடை திறப்பவனே இறந்துபோன நிலை முதல்வகை நீரிழிவு. இது பெரும்பாலும் சிறுவரையும் இளைஞரையும் பற்றும், வாரக்கணக்கில் உருக்கும். படுக்கை நனைத்தலை விட்டிருந்த பிள்ளை மீண்டும் நனைத்தலும், குடங்குடமாய் நீர் பருகுதலும், எலும்பாய் மெலிதலும் கண்டால், பூச்சி என்றும் கண்ணேறு என்றும் நாள் போக்குதல் ஆகாது. அப்பிள்ளைக்கு வாந்தியும் பெருமூச்சும் தொடங்கிவிட்டால் ஒரு பொழுதும் தாழ்க்கலாகாது. மடையோ துருப்பிடிக்க, திறப்பவனும் களைத்துப்போக வருவது இரண்டாம் வகை. நம்மூரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இவ்வகையினரே. இது ஓசையின்றி வருவது. எம் அன்பருடையதும் இதுவே.

இந்நோய் நம்மிடையே எவ்வளவு பரவியுள்ளது? சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையிலே 1948-இல் மருத்துவர் மு. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியகாலை, இதனைச் செல்வர் நோய் என்றே பலர் எண்ணினர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் மாகாணந்தோறும் வீடு வீடாக நடந்த ஆய்வின் முதற் பகுதி 2011-இல் வெளியாயிற்று. தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 10 பேருக்குச் சற்று மிகுதியாக நீரிழிவு உண்டென அது கணித்தது. அதே ஆய்வின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் நீரிழிவினர் 10 கோடிக்கு மேல்; அதன் வாயிலில் நிற்போர் 13 கோடிக்கு மேல். செல்வர் நோய் என்னும் பேச்சு இனி எடுபடாது. உப்பனாற்றங்கரையில் வலை பின்னுவாரிடத்தும், பண்ணுருட்டி முந்திரித் தோப்பிற் கொட்டை உடைப்பாரிடத்தும் இதனை யாம் கண்டுள்ளோம்.

நோயை அறியும் வழி யாது? சிறுநீரைக் காய்ச்சி நிறம் பார்த்த காலம் போயிற்று. எட்டு மணி நேரம் உணவின்றியிருந்து எடுத்த இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்குச் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு. 75 கிராம் குளூக்கோஸ் பருகி இரண்டு மணி கழிந்தபின் 200-ம் அதற்கு மேலும் இருந்தாலும் அதுவே. மூன்று திங்களின் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. என்னும் சோதனையில் 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் வந்தாலும் அதுவே. வெளிப்படையான குறிகள் இல்லாதபோது ஒருமுறை கண்டதை மறுமுறையும் உறுதி செய்தல் முறை. மூன்றாவது சோதனையைப்பற்றி ஓர் எச்சரிக்கை: இரத்தத்தின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வது, அதன்மேற் படிந்த சர்க்கரையையே இச்சோதனை அளக்கின்றது. இரும்புச்சத்துக் குறைந்த சோகை நம் பெண்மக்களிடம் மிகுதி. அன்னார்க்கு இவ்வெண் உள்ளதைவிட உயர்ந்து காட்டுவதுண்டு. சிவப்பணு விரைந்து அழியும் நோயிலோ தாழ்ந்து காட்டும். எண்ணை மட்டும் பார்த்து நோயாளியைப் பாராத வைத்தியம் இங்கே வழுக்கும்.

வீட்டிற் குளூக்கோமீட்டர் வைத்திருப்போர்க்கும் ஒன்று சொல்லுவோம். பலாச்சுளை எடுத்த கையைக் கழுவாது விரல் நுனியிற் குத்திச் சோதித்த ஒரு மாணவரின் தாயார், 290 கண்டு கலங்கி எம்மிடம் ஓடிவந்தார். கையைக் கழுவித் துடைத்துச் சோதித்தபோது 132. சுளையின் இனிப்பே இரத்தத்துளியில் ஏறியிருந்தது.

குளூக்கோஸ் பருகி இரண்டு மணி கழிந்தபின் 140 முதல் 199 வரை இருப்பின் அது நோயன்று, நோயின் வாயில். இங்குதான் செய்யத்தக்கது மிகுதி. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரனும் கூட்டாளிகளும் இந்நிலையிலுள்ள 531 பேரை எடுத்து மூன்றாண்டு தொடர்ந்து நோக்கி 2006-இல் முடிபு வெளியிட்டனர். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவினர் ஆயினர். உணவைத் திருத்தி நாள்தோறும் நடந்தவருள் 39 பேரே ஆயினர். மெட்பார்மின் என்னும் மாத்திரை மட்டும் சிறிதளவு உண்டவருள் 40 பேருக்குச் சற்று மேல். நடையும் மாத்திரையும் சேர்ந்தபோதும் அதற்குமேற் பயன் கிட்டவில்லை. அஃதாவது, நம் கால்கள் செய்வது மாத்திரை செய்வதற்குக் குறைந்ததன்று. வெள்ளிக் கடற்கரையிலே நாளும் அரைமணி விரைந்து நடத்தற்குக் காசு ஏதும் வேண்டா.

கருவுற்ற பெண்டிர் விஷயம் தனித்துக் கூறத்தக்கது. அந்நாளிற் சர்க்கரை மிகின் தாய்க்கும் சேய்க்கும் இடர் உண்டு. பிற்காலத்தில் இருவருக்குமே நீரிழிவு வருதல் எளிதாகும். வெறுவயிற்றோடு வரச்சொன்னால் தொலைவிலுள்ள சிற்றூர்ப் பெண் மறுமுறை வருவாளல்லள். இதனை உணர்ந்து சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா முதலியோர், உண்டிருப்பினும் உண்ணாதிருப்பினும் 75 கிராம் குளூக்கோஸ் கொடுத்து இரண்டு மணியிற் பார்க்கும் முறையை வகுத்தனர். 140-ம் அதற்கு மேலும் இருப்பின் சிகிச்சை வேண்டும். நம் நாட்டு நிலைமைக்கேற்ப நம்மவர் வகுத்த முறை இது என்பதில் எமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

இனிச் சிகிச்சை. முதற்கண் உணவு. 'சர்க்கரையை நிறுத்திவிட்டோம், காப்பியில் நெல்லிக்குப்பம் வெல்லந்தான் போடுகிறோம்' என்று பெருமையாகச் சொல்வாரை யாம் பன்முறை கண்டோம். ஆலையிற் பிறந்தாலும் கொப்பரையிற் பிறந்தாலும் கரும்பின் சாரம் கரும்பின் சாரமே. இரத்தத்துக்கு நிறவேற்றுமை தெரியாது. உண்மையில் நம் குற்றம் இனிப்பிலும் சோற்றிலேயே மிகுதி. மலை போற் குவித்த வெள்ளரிசிச் சோற்றுக்கு ஒரு கரண்டிப் பொரியல் என்பது நம் வழக்கம். அதனைத் திருப்பி, தட்டிற் பாதியைக் கீரை, அவரை, கத்தரி முதலிய காய்களுக்கும், கால்பங்கைப் பருப்பு மீன் முட்டைகளுக்கும், எஞ்சிய காலைச் சோற்றுக்கும் விட்டால் அதுவே பெருமருந்து. கேழ்வரகுக் கூழென்றால் எவ்வளவும் குடிக்கலாம் என்பதும் பிழை. நன்றாக அரைத்துக் காய்ச்சிய கூழ் சர்க்கரையை விரைவில் ஏற்றும்.

மருந்துகளுள் மெட்பார்மின் முதன்மையானது. ஐரோப்பாவில் விளையும் ஒரு பூண்டின் சத்தை ஆராய்ந்ததன் வழிவந்தது. 1957-இல் பிரெஞ்சு வைத்தியர் ஸ்டேர்ன் இதன் பயனை வெளியிட்டார். விலை மலிவு. நெடுநாள் உண்பவர் பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைதலைக் கவனித்தல் வேண்டும். கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கச் செய்யும் கிளிமிப்பிரைடு முதலிய மாத்திரைகள் நல்லனவே. ஆனால் உண்டுவிட்டு உணவைத் தவிர்த்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்து, நடுங்கி, அறிவு கலங்கும். ஏகாதசியாயினும், தவக்காலமாயினும், பரங்கிப்பேட்டை நண்பர்களின் ரமலான் நோன்பாயினும், விரதம் தொடங்குமுன் மாத்திரையின் அளவை வைத்தியரோடு கலந்து மாற்றிக்கொள்ளல் வேண்டும். மயங்குவார்க்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரிற் கரைத்துக் கொடுத்துக் கால்மணியில் மீண்டும் சோதிக்க. நினைவிழந்தார் வாயில் மட்டும் எதையும் ஊற்றலாகாது.

இன்சுலின் ஊசியைக் கண்டு நம்மவர் அஞ்சுவது போல் வேறெதற்கும் அஞ்சுவதில்லை. 'ஊசிக்கு வந்துவிட்டார்' என்றால் பாடை கட்டத் தொடங்கியதாகவே பேசுவர். டொராண்டோ நகரில் 1921-இல் பாண்டிங்கும் பெஸ்டும் கணையத்தினின்று அதனைப் பிரித்தெடுத்தனர். கோலிப் தூய்மை செய்தார். 1922 ஜனவரியில், சாவின் விளிம்பிற் கிடந்த 14 வயதுப் பையன் லெனார்டு தாம்சனுக்கு முதலிற் செலுத்தப்பெற்று, அவன் எழுந்தான். அதற்குமுன் முதல்வகை நீரிழிவுப் பிள்ளைகளைப் பட்டினியிட்டுச் சில திங்கள் உயிரை இழுத்து நிறுத்துவதே வைத்தியமாயிருந்தது. சாவைத் தடுக்க வந்ததைச் சாவின் தூதாகக் கருதுதல் எத்துணைத் தலைகீழான எண்ணம்!

இன்சுலினைக் காத்தலில் நம் கடற்கரைக்கு ஓர் இடையூறு உண்டு. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபின், பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. குளிர்ப்பெட்டி வெறும் பெட்டியாயிற்று. 'மருந்து கெட்டிருக்கும்' என்று ஊசியையே விட்டவர் உண்டு. அவர் செய்தது பெரும்பிழை. திறவாத குப்பியை 2 முதல் 8 பாகைக் குளிரில் வைத்தல் விதி. ஆயினும் பயன்பாட்டிலுள்ள குப்பியை ஏறத்தாழ நான்கு வாரம் வெளியில் வைக்கலாம். ஜெனீவாப் பல்கலைக்கழகத்தாரும் எல்லையற்ற மருத்துவர் சங்கத்தாரும் கென்யா நாட்டு அகதி முகாமின் வெப்பத்தை ஆய்வுகூடத்தில் அமைத்துச் சோதித்து, 25 முதல் 37 பாகைக்குள் நான்கு வாரம் இன்சுலின் தன் வலியை இழக்கவில்லையென 2021-இல் வெளியிட்டனர். புது மண்பானையை ஈரமணலில் இருத்தி, குப்பியை உறையிலிட்டு நீர் படாது உள்ளே வைத்து மூடினால், ஆவியாதலால் உள்வெப்பம் வெளியினும் குறையும். நம் பாட்டிமார் மோர் வைத்த உபாயமே! உறைபெட்டியில் வைத்து உறைந்துபோன இன்சுலினைத்தான் எறிந்துவிடல் வேண்டும்.

மூலிகைகளைப்பற்றிக் கேளாதார் இல்லை. ஆவாரை பூத்த ஊரிற் சாவுக்கு இடமில்லை என்னும் கருத்துடைய பழமொழி நம்மிடை உண்டு. சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையார் இதனை வெறும் பேச்சாக விடாமல், நீரிழிவூட்டிய எலிகளுக்கு ஆவாரம்பூச் சாற்றைக் கொடுத்துச் சர்க்கரை குறைதலைக் கண்டு வெளியிட்டுள்ளனர். பாராட்டத்தக்க பணி. எனினும் எலிக்கும் மனிதனுக்கும் இடையே நெடுவழி உண்டு. பூவை நம்பி மாத்திரையை நிறுத்துதற்கு அவ்வாய்வு சான்றாகாது. ஆவாரம்பூக் குடிநீரை மாத்திரையோடு சேர்த்து அருந்துவோர் அதனை வைத்தியரிடம் மறையாது சொல்லுக.

நிற்க. கழலைக்கு வருவோம்.

கேடயச் சுரப்பி தைராக்ஸினைச் சுரப்பது; தேகத்தின் அடுப்பைத் தூண்டும் கோல் அது. அச்சுரப்பியை ஏவுவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி. கடைமடைக் குடியானவன் நீர் குறைந்தபோது கூக்குரலிடுவான். நிறைந்தபோது வாய் அடங்குவான். தைராக்ஸின் குறைந்தால் பிட்யூட்டரியின் கூக்குரலாகிய டி.எஸ்.ஹெச். உயரும், மிகுந்தால் தாழும். ஆகவே இவ்வெண் உயர்வு என்றால் சுரப்பிக்குத் தளர்ச்சி என்பது பொருள். 'உயர்வு என்று வந்திருக்கிறது, தைராய்டு அதிகமாம்' என்று கூறுவோர் இதனை மறிதலையாகக் கொள்கின்றனர்.

தளர்ச்சியின் குறிகள் சோர்வு, குளிர் பொறாமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, குரற்கம்மல், மாதவிலக்கு மிகுதி. இவை யாவும் வேறு காரணங்களாலும் வருவன. ஆதலின் சோம்பல் என்று ஏசப்பட்டே ஆண்டுகள் கழித்த மகளிர் பலர். மிகுதியின் குறிகளோ படபடப்பு, கைந்நடுக்கம், வியர்வை, மெலிவு, சிலர்க்குக் கண் பிதுங்கல். மிகுதிக்குக் கார்பிமசோல் முதலிய மாத்திரைகளும், கதிரியக்க அயோடினும், அறுவையும் உண்டு. தளர்ச்சிக்கு வழி எளிது: இல்லாததைக் கொடுத்தல். 1891-இல் இங்கிலாந்தில் மரே என்பார் ஆட்டின் சுரப்பிச் சாற்றை ஒரு மாதுக்குச் செலுத்தினார். அவர் பின்னும் 28 ஆண்டு வாழ்ந்தார். இன்று சிறு மாத்திரையே போதும். விடியலில் வெறுவயிற்றில் உண்டு, அரைமணிக்கு மேல் பொறுத்தே காப்பி அருந்துக. இரும்பு, சுண்ணச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி இடைவெளி வேண்டும். இவ்விதியை மீறிவிட்டு மருந்து பலிக்கவில்லை என்பார் பலர். அளவை மாற்றியபின் ஆறு அல்லது எட்டு வாரம் கழித்தே மறு சோதனை.

பிறவியிலேயே சுரப்பியின்றியோ தளர்ந்தோ பிறக்கும் குழந்தைகளும் உண்டு. நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று எனலாம். பிறந்த அன்று வேற்றுமை தோன்றாது. குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் அப்பிள்ளை மற்றைப் பிள்ளைகளைப் போலவே படிக்கும். திங்கள் சில தாழ்த்தால் மூளைக்கு நேர்ந்த கேட்டை எவராலும் மீட்கவியலாது. ஒரு துளி இரத்தத்துக்கும் ஒரு வாழ்நாளுக்கும் உள்ள தொடர்பு இத்துணை நெருக்கமாக வேறெங்கும் யாம் கண்டிலேம்.

தைராக்ஸினுக்கு மூலப்பொருள் அயோடின். இமயமலைச் சாரலில் மண்ணில் அது குறைவு. ஊர் முழுவதும் கழலை தொங்கும். காங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் இராமலிங்கசுவாமியும் கூட்டாளிகளும் உப்பில் அயோடின் சேர்த்துக் கொடுத்துக் கழலை குறைதலை நிறுவினர். 1962-இல் நாட்டுத் திட்டம் எழுந்தது. 'அது மலைநாட்டார்க்கு, கடலோரத்து நமக்கு ஏன்? நம் உப்பே கடலுப்பாயிற்றே!' என்பது கடலூர்க் கடைத்தெருவில் யாம் கேட்ட வாதம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 35 கிராம். அயோடின் 60 மைக்ரோகிராமுக்கு மேல் இல்லை. அது முழுதும் உப்பிலேயே தங்கினும், நாளொன்றுக்கு நாம் உண்ணும் 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராமே கிட்டும். வளர்ந்தவர்க்கு வேண்டுவதோ 150, கருவுற்றார்க்கு 250. அயோடின் கலந்த உப்பில் வீட்டுக்கு வரும்போது கிராமுக்கு 15 மைக்ரோகிராம் இருத்தல் சட்டம். பத்துக் கிராமுக்கு 150 சரியாக வரும். இவ்வளவு தெளிவான கணக்கிருந்தும், 2018-19-இல் எடுத்த நாடளாவிய ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பை உண்ணும் குடும்பங்கள் இந்தியாவில் நூற்றுக்கு 76 ஆக, தமிழ்நாட்டில் 62 தான். உப்பு விளைக்கும் நாடு உப்பிற் பின்தங்கி நிற்கின்றது! கல்லுப்பாயினும் அயோடின் கலந்ததை வாங்கி, கழுவாது, மூடியிட்ட சாடியில் வைத்து, கொதி அடங்கியபின் இடுதல் நன்று.

சிகிச்சைக்கு இடம் இல்லை என்று இன்று சொல்லவியலாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை உண்டு. 1985-இல் இராஜா முத்தையாவின் பெயரால் தோன்றிய சிதம்பரத்து மருத்துவக் கல்லூரி 2021-இல் அரசின் கடலூர் மருத்துவக் கல்லூரியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவு, இரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நீரிழிவினர் ஆண்டுக்கொருமுறை கண்ணின் உட்திரையையும், சிறுநீரில் அல்புமினையும், காலின் உணர்ச்சியையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். காற் சோதனைக்குக் கருவி ஒரு நைலான் இழையே; அது தொடுவதைக் கண்மூடி உணராதவர் நெருப்பையும் முள்ளையும் உணரார்.

எம் அன்பர் இப்பொழுது நலம். இரவுதோறும் உள்ளங்காலைச் சிறு கண்ணாடியில் நோக்குகின்றார். கண் மங்கிய அன்று பேத்தி பார்த்துச் சொல்லுகின்றாள். சிதம்பரத்துக்கு முதல் வண்டியிற் சென்று, கல் சுடுமுன் வலம் வந்து திரும்பிவிடுகின்றார்.